கல்லீரல் நோயாளிக்குத் தட்டணுக்கள் குறைந்தால் என்ன செய்ய வேண்டும்?

சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்க நோய் உள்ள ஒருவரின் இரத்தப் பரிசோதனையில், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 70,000 என்று வந்துவிட்டால், வீட்டில் உள்ளவர்களுக்கு டெங்குதான் நினைவுக்கு வரும். பப்பாளி இலையைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். டெங்குவில் எண்ணிக்கை சில நாட்களில் சரிந்து, சில நாட்களில் ஏறிவிடும். சிரோசிஸில் அது ஆண்டுக்கணக்கில் தாழ்ந்தே நிற்கும். காரணம் வேறு என்பதால் கையாளும் முறையும் வேறு.

இயல்பான அளவு 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை. கல்லீரல் இறுகும்போது குடலிலிருந்து அதற்கு இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் கூடுகிறது. அதனால் மண்ணீரல் வீங்கி, வழக்கமாகத் தன்னிடம் தங்கும் மூன்றில் ஒரு பங்கு தட்டணுக்களைவிட மிக அதிகமானவற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. எலும்பு மஜ்ஜையைத் தூண்டித் தட்டணுக்களை உருவாக்கும் திராம்போபொயட்டின் என்ற ஹார்மோனைப் பெரும்பாலும் கல்லீரலே சுரப்பதால், அந்த உற்பத்தியும் தளர்கிறது. மது மஜ்ஜையை நேரடியாகவே ஒடுக்கும். எனவே மதுவை அறவே நிறுத்துவதுதான் முதல் வேலை.

அடுத்து, பழைய அறிக்கைகளையெல்லாம் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வையுங்கள். பல மாதங்களாக 70,000 என்றே இருப்பதும், 1.2 லட்சத்திலிருந்து திடீரென 70,000 ஆவதும் மருத்துவருக்கு முற்றிலும் வேறுவேறு செய்திகள். இந்த நோயாளிக்கே டெங்கு வந்தால், அவருடைய வழக்கமான அளவு தெரியாமல் யாராலும் சரியாக முடிவெடுக்க இயலாது. எதிர்பாராத வீழ்ச்சி என்றால், குழாயில் தட்டணுக்கள் திரண்டுபோய் எண்ணிக்கை பொய்யாகக் குறைந்திருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

உணவுக்குழாயில் சிரைகள் புடைத்துள்ளனவா என்று எண்டோஸ்கோபி செய்து பார்ப்பது எப்போது தேவை என்பதையும் மருத்துவரிடம் கேளுங்கள். கல்லீரல் நோயில் உயிரைப் பறிக்கும் இரத்தக்கசிவு பெரும்பாலும் அங்கிருந்தே வருகிறது. அதற்கு மூலம் போர்ட்டல் அழுத்தம், தட்டணுக் குறைவு அன்று. எண்ணிக்கை 1.5 லட்சத்துக்கு மேலும், கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் அளவு 20 கிலோபாஸ்கலுக்குக் கீழும் இருந்தால் அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடலாம்.

வலி மாத்திரைகளில் மிகுந்த கவனம் வேண்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை இருக்கும் தட்டணுக்களின் வேலையையும் கெடுத்து, சிறுநீரகத்தையும் பாதிக்கும். மருந்துக்கடையில் நீங்களாகவே வாங்காதீர்கள். பாராசிட்டமால்கூட மருத்துவர் சொன்ன அளவில்தான். பொதுவாக நாளொன்றுக்கு 2 கிராமுக்கு மேல் கூடாது.

பல் பிடுங்குதல், பயாப்சி (சோதனைக்குத் திசு எடுத்தல்), அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே கல்லீரல் மருத்துவரிடம் தெரிவியுங்கள். எண்ணிக்கை 50,000-க்குக் கீழே இருந்து, இரத்தக்கசிவு அபாயம் மிகுந்த சிகிச்சையாகவும் இருந்தால், தட்டணு ஏற்றுவதா, தட்டணு உற்பத்தியைத் தூண்டும் அவாட்ரோம்போபாக் அல்லது லூசுட்ரோம்போபாக் மாத்திரை தருவதா என்று அவர் முடிவு செய்வார். மாத்திரை பலன் தரச் சுமார் பத்து நாட்கள் ஆகும். முந்தைய நாள் சொன்னால் அந்த வழி அடைபட்டுவிடும். வயிற்று நீரை ஊசி மூலம் எடுப்பதற்குப் பொதுவாக இவை எதுவும் தேவையில்லை.

எண் தாழ்ந்திருக்கிறது என்பதற்காக மட்டும் தட்டணு ஏற்றும்படி வற்புறுத்த வேண்டாம். ஏற்றியதில் பெரும்பகுதியை மண்ணீரல் பிடித்துக்கொள்ளும். தட்டணுக்கள் குறைந்தவருக்கும் போர்ட்டல் சிரையில் இரத்தம் உறையக்கூடும்; எண்ணிக்கையை உயர்த்த எல்ட்ரோம்போபாக் கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு, அத்தகைய உறைவுகள் கூடியதால் இடையிலேயே நிறுத்தப்பட்டது.

பல் துலக்கும்போது ஈறில் லேசாகக் கசிவதையும், தோலில் சிறு கன்றலையும் அடுத்த சந்திப்பில் சொன்னால் போதும். இரத்த வாந்தி, தார் போன்ற கருத்த மலம், தலையில் அடிபட்டபின் தலைவலியோ குழப்பமோ ஏற்பட்டால், புதிய இரத்தப் பரிசோதனைக்குக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கருப்பாக்கும். அதை உட்கொள்பவர் என்றால் அங்கே முதலிலேயே சொல்லிவிடுங்கள்.