புதிய டெக்னோ, பேஸ் டிராக்குகள்: தேர்விலும் மிக்ஸிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பேண்ட்கேம்ப், பீட்போர்ட் போன்ற இணைய இசைக் கடைகளில் புதிய ரிலீஸ்கள் வந்து குவிகின்றன. டெக்னோ, டப்ஸ்டெப், டிரம் அண்ட் பேஸ், அப்புறம் இவை எதிலும் அடங்காத உடைந்த தாளங்கள் என்று ஒருவரால் கேட்டு முடிக்கவே முடியாத அளவு. அதனால் வேகமாகக் கேட்கப் பழகிவிட்டோம். போனில் அலைவரைபடத்தை நாலு இடத்தில் தட்டிப் பார்த்து, இது வேண்டும், அது வேண்டாம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் இந்த இசையைச் செய்தவர் அதைப் போனுக்காகச் செய்யவில்லை. பெரிய ஸ்பீக்கரில், நீண்ட நேரம், வேறு இரண்டு டிராக்குகளுக்கு நடுவில் ஒலிக்கும் என்று நினைத்துத்தான் மிக்ஸை முடித்திருக்கிறார். அந்தச் சூழலை மறந்துவிட்டுக் கேட்பதில் இருந்துதான் பெரும்பாலான தவறுகள் கிளம்புகின்றன.

போன் ஸ்பீக்கரில் முடிவெடுப்பது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். சப்-பேஸ் என்று நாம் சொல்வது ஏறக்குறைய 30 முதல் 60 ஹெர்ட்ஸ் வரையிலான, மிகத் தாழ்ந்த ஒலிப் பகுதி. போன் ஸ்பீக்கரில் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதுவும் வெளியே வராது. அதாவது ஒரு பேஸ் டிராக்கின் முதுகெலும்பு உங்கள் காதுக்கு வந்து சேரவே இல்லை. ஹை-ஹாட் என்ற தாளத்தகட்டின் ஓசையும், கிக் என்ற அடி டிரம்மின் மேல்நுனியில் வரும் 'டிக்' சத்தமும்தான் மிச்சம். அதை வைத்து 'இதில் ஒன்றுமில்லையே' என்று ஒதுக்கினால் நஷ்டம் நமக்குத்தான்.

லண்டனில் 2005ல் மாலா, கோகி, லோஃபா ஆகிய டிஜேக்கள் பிரிக்ஸ்டனில் தொடங்கிய டிஎம்இசட் என்ற டான்ஸ் இரவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய ஸ்பீக்கர் அடுக்குகளோடு இசை போடும் ஜமைக்காவின் சவுண்ட் சிஸ்டம் மரபு லண்டன் வரைக்கும் வந்து, அங்கே டப்ஸ்டெப்பாக உருமாறிய காலம் அது. லோஃபாவின் அந்தக் காலத்து டிராக்குகளில் 140 பிபிஎம் (நிமிடத்துக்கு 140 தட்டு) வேகத்திலும், ஒரு பாருக்கு (நாலு தட்டு) ஸ்நேர் டிரம் மூன்றாவது தட்டில் ஒரே ஒரு தடவைதான் விழும். நடுவில் இருப்பது முழுக்க பேஸ். லேப்டாப்பில் கேட்டால் அங்கே வெறும் காலி இடம்தான் இருக்கும். நல்ல சவுண்ட் சிஸ்டத்தின் முன்னால் நின்றால் அதே இடம் நெஞ்சுக்கூட்டை நிரப்பும். 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 8.5 மீட்டர். அறை, சுவர், உடம்பு எல்லாம் சேர்ந்து உணர வேண்டிய சத்தம் அது.

குறைந்த ஒலியளவில் கேட்பதிலும் இதே சிக்கல் உண்டு. ஒலியளவு குறையக் குறைய நம் காது பேஸை மற்ற பகுதிகளைவிட அதிகமாக இழக்கும் என்று 1933லேயே ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிவிட்டார்கள். ஆகவே முதல் வடிகட்டலுக்கே நல்ல ஹெட்போன் வேண்டும். முடிவெடுப்பதற்கு முன் ஒரு தடவையாவது கொஞ்சம் பெரிய ஸ்பீக்கரில், நின்றுகொண்டு கேளுங்கள். நிற்கும்போது கால் அசைகிறதா என்பது உட்கார்ந்திருக்கும்போது தெரியாது.

பத்து விநாடிக்கு ஒரு தாவல்

கடைகளில் இரண்டு நிமிடத் துண்டு கேட்கக் கிடைக்கிறது. அதிலும் தாவித் தாவிக் கேட்டால் மிஞ்சுவது திரும்பத் திரும்ப ஓடும் இரண்டு துண்டு (லூப்). 130 பிபிஎம் டிராக்கில் 32 பார் ஓட ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். பல டெக்னோ டிராக்குகளில் அந்த 32 பாருக்குள் நடப்பது இவ்வளவுதான்: ஒலியை வடிக்கும் ஒரு ஃபில்டர் கொஞ்சம் திறக்கும், ஒரு ஹாட் உள்ளே வரும், எக்கோவின் வால் ஒரு இழை நீளும். டெட்ராய்ட்டின் ராபர்ட் ஹூட் 1990களின் நடுவில் மினிமல் டெக்னோவுக்கு வடிவம் கொடுத்ததும், பெர்லினில் மார்க் எர்னஸ்டஸும் மோரிட்ஸ் வான் ஓஸ்வால்டும் 1993ல் பேசிக் சேனல் லேபிளைத் தொடங்கியதும் இந்த மெதுவான நகர்வை நம்பித்தான். ஒரே ஒரு கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) எக்கோவில் கரைந்து கரைந்து பத்து நிமிடத்துக்கு மேல் போகும். எந்த இடத்தில் தட்டினாலும் ஒன்று போலத்தான் கேட்கும். முழுக்கக் கேட்டவருக்கு மட்டும்தான் அது எங்கிருந்து கிளம்பி எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியும்.

பேண்ட்கேம்பில் பெரும்பாலும் முழு டிராக்கையும் கேட்க விடுகிறார்கள். அதைப் பயன்படுத்துங்கள். நிறைய டிராக்குகளை அரைகுறையாகக் கேட்பதைவிட, பிடித்த சில லேபிள்களின் ரிலீஸை ஆரம்பம் முதல் கடைசி வரை கேட்பது மேல். அதோடு, தனியாகக் கேட்கும்போது வெறுமையாகத் தோன்றும் டிராக்கை அவசரப்பட்டு ஒதுக்காதீர்கள். இன்னொரு டிராக்கோடு சேர்த்துப் போடுவதற்கென்றே செய்யப்பட்டவை நிறைய உண்டு. டிஜேக்கள் அவற்றை டூல் என்பார்கள். வாங்குவதற்கு முன் ஏற்கெனவே கையில் இருக்கும் இரண்டு டிராக்குகளோடு ஓடவிட்டுப் பாருங்கள். அப்போதுதான் அதன் உண்மையான முகம் தெரியும்.

வகைப் பெயரையும் பிபிஎம் எண்ணையும் நம்பித் தேடுவது

ஹெஸில் ஆடியோ 2007ல் தொடங்கிய லேபிள். பிரிஸ்டலின் லிவிட்டி சவுண்ட் 2011ல் வந்தது, டைம்டான்ஸ் 2015ல். இந்த மூன்றும் வெளியிடும் இசையில் பெரும்பகுதி டெக்னோவுக்கும் பேஸுக்கும் நடுவில் நிற்கிறது. டெக்னோவின் கட்டுக்கோப்பு இருக்கும், ஆனால் கிக் நாலு தட்டிலும் விழாது. ஒரு கடை இதை டெக்னோ பக்கத்தில் போடும், இன்னொரு கடை பேஸ் பக்கத்தில் போடும். வகையை வைத்து வடிகட்டித் தேடுபவர் கண்ணில் இவை படாமலே போகும். இப்போது மிகச் சுவாரசியமான டான்ஸ்ஃப்ளோர் இசை வருவதே இந்த இடுக்கில்தான் என்பது என் எண்ணம். லேபிளைப் பின்தொடருங்கள், ரீமிக்ஸ் செய்தவர் யார் என்று பாருங்கள், டிஸ்காக்ஸ் என்ற ரெக்கார்டு பட்டியல் தளத்தில் அவர் வேறு எந்த லேபிளில் வெளியிட்டிருக்கிறார் என்று தேடுங்கள். ஒரு நல்ல பெயர் இன்னும் பத்துப் பெயர்களுக்கு வழிகாட்டும்.

பிபிஎம் விஷயமும் அப்படித்தான். மென்பொருள் 140 டிராக்கை 70 என்றும், 170 டிராக்கை 85 என்றும் அடிக்கடி குறித்து வைக்கும். உடைந்த தாளங்களில் பீட்கிரிட் (மென்பொருள் குறிக்கும் தட்டுக் கோடுகள்) ஒரு தட்டு தள்ளி உட்கார்ந்துவிடும். புதிதாக வாங்கிய ஒவ்வொன்றையும் காதால் கேட்டுச் சரிபார்க்காமல் பென் டிரைவில் ஏற்றக் கூடாது.

அப்புறம், பெர்லினையும் லண்டனையும் தாண்டிப் பார்க்காமல் இருப்பது. டெக்னோ பிறந்தது 1980களின் டெட்ராய்ட்டில், ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் போன்ற கறுப்பின இளைஞர்களின் கையில். பெர்லினின் ட்ரெசார் லேபிள் 1991ல் முதன்முதலாக வெளியிட்டதே டெட்ராய்ட்டின் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் குழுவினர் எக்ஸ்-101 என்ற பெயரில் செய்த ரெக்கார்டுதான். இன்றும் புதிய தாளங்கள் பல திசைகளில் இருந்து வருகின்றன: லிஸ்பனின் ப்ரின்சிபி, கம்பாலாவின் நியேகே நியேகே, கொலம்பியாவின் ட்ராட்ராட்ராக்ஸ் ஆகிய லேபிள்கள், டர்பனில் கோம் என்ற வகை இசையைச் செய்பவர்கள். இவர்களைக் கேட்காமல் ஒருவர் 'புதுசா ஒன்றும் வரவில்லை' என்று சொன்னால், அவர் தேடிய இடம் குறுகியது என்றுதான் அர்த்தம்.

ஃபைலில் ஏமாறுவது

யூடியூபில் இருந்து இறக்கிய 128 கேபிபிஎஸ் (ஒரு விநாடிக்கான தரவு அளவு) ஃபைலை 320 என்று மாற்றிச் சேமித்தால் எண் மட்டும்தான் கூடும். போன விவரம் திரும்பி வராது. ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக் போன்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். உண்மையான 320 எம்பி3 பொதுவாக 20 கிலோஹெர்ட்ஸ் அருகே முடியும். போலியில் 16 கிலோஹெர்ட்ஸிலேயே கத்தியால் வெட்டியதுபோல் மேற்பகுதி நின்றுவிடும். ஹெட்போனில் இது பெரிதாகத் தெரியாது. பெரிய சிஸ்டத்தில் ஹை-ஹாட் மணல் தேய்ப்பதுபோல் கரகரக்கும், கிக்கின் நுனி மழுங்கும்.

இறக்கி வைத்துக்கொள்வதால் இன்னொருவர் வயிற்றிலும் அடிக்கிறோம். இந்த இசையின் பார்வையாளர் வட்டம் சின்னது. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு டிராக் 12 மாதத்தில் 1,000 தடவை கேட்கப்படாவிட்டால் அதற்குப் பணமே கிடையாது. பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் வழக்கமாக 15 சதவீதம்தான் எடுத்துக்கொள்கிறது. 2020 மார்ச்சில் தொடங்கிய பேண்ட்கேம்ப் வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது. அடுத்த ரெக்கார்டு வரவேண்டும் என்று ஆசைப்படுபவர் காசு கொடுத்து வாங்குவதுதான் நியாயம்.

சரி, காசு கொடுத்து நல்ல ஃபைலே வாங்கியாயிற்று. இனியும் வழுக்கும் இடம் உண்டு. சிடிஜே என்ற டிஜே பிளேயர்களில், 2016ல் வந்த சிடிஜே-2000 என்எக்ஸ்எஸ்2-க்கு முந்தையவை ஃப்ளாக் வகை ஃபைலைப் படிக்காது. வேவ் ஃபைலைப் போட்டாலும் சில நேரம் திரையில் 'இ-8305' என்று பிழை காட்டி நின்றுவிடும். சத்தத்தில் கோளாறு எதுவும் இருக்காது. ஃபைலின் தலைப்பகுதி அந்தக் கருவிக்குப் புரியாத வகையில் எழுதப்பட்டிருக்கும், அவ்வளவுதான். நள்ளிரவில், அறை நிறைய ஆட்கள் நிற்கும்போது இதைக் கண்டுபிடிக்கக் கூடாது. வாங்கியதும் ஏஐஎஃப்எஃப் வகை ஃபைலாக மாற்றிவிடுங்கள். தரம் அப்படியே இருக்கும், கலைஞர் பெயரும் அட்டைப்படமும் வேவைவிட ஒழுங்காக ஒட்டிக்கொள்ளும். பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். எக்ஸ்ஃபேட் பழைய கருவிகளில் ஓடாது.

வினைல் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. பேஸ் அதிகமானால் பள்ளம் அகலமாகும், பக்கத்தில் இடம் சீக்கிரம் தீரும். ஆகவே டான்ஸ்ஃப்ளோருக்கு 12 இஞ்ச் தகட்டில் பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ டிராக் மட்டும் இருப்பதைத் தேடுங்கள். 'சில பிரதிகள்தான்' என்ற அறிவிப்பைப் பார்த்துப் பதறி வாங்காதீர்கள். நன்றாகப் போன ரெக்கார்டு பல நேரம் மறுபதிப்பாக வரும்.

மிக்ஸில் இரண்டு பேஸை மோதவிடுவது

வீட்டில் சின்ன ஸ்பீக்கரில் பழகியவர்களுக்கு இந்தத் தவறு கேட்கவே கேட்காது. ஒரு டிராக்கின் சப் 'ஈ' சுரத்தில், சுமார் 41 ஹெர்ட்ஸில் இருக்கிறது. அடுத்தது 'எஃப்', சுமார் 44. இரண்டையும் ஒன்றாகத் திறந்துவிட்டால் விநாடிக்கு இரண்டு மூன்று தடவை சத்தம் ஊதிப் பெருகும், அப்படியே சுருங்கும். ஒரே சுரமாக இருந்தாலும் அலைகள் எதிரெதிராக வந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். சரியாக உச்சத்துக்குப் போக வேண்டிய நேரத்தில் தளமே காலியானதுபோல் இருக்கும். எந்த நேரத்திலும் ஒரு பேஸ்தான் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். புதியதை உள்ளே கொண்டுவரும்போது அதன் லோ ஈக்யூவை (பேஸ் அளவை மாற்றும் குமிழை) மூடி வைத்து, 16 அல்லது 32 பார் முடியும் இடத்தில் இரண்டையும் ஒரே அசைவில் மாற்றுங்கள். சுரம் கண்டுபிடிக்கும் மென்பொருளை இதில் ரொம்ப நம்ப வேண்டாம். மெலடி இல்லாத டிராக்கில் அது எதையோ ஒன்றை ஊகித்துச் சொல்லும்.

புதிய ரிலீஸ்கள் பழையவற்றைவிடச் சத்தமாக மாஸ்டர் செய்யப்பட்டிருப்பது சகஜம். கெயினை (உள்வரும் ஒலியளவை)க் குறைக்காமல் அப்படியே ஏற்றினால் மிக்ஸரில் சிவப்பு விளக்கு எரியும், கிக் தட்டையாகும். வாங்கும்போதும் இதே ஏமாற்றம் உண்டு: சத்தமான டிராக் முதல் கேட்பில் நல்ல டிராக்காகவே தோன்றும். ஒலியளவைச் சமப்படுத்திவிட்டு ஒப்பிட்டால் பாதிக் கவர்ச்சி போய்விடும்.

அந்த வாரம் வாங்கிய எல்லாவற்றையும் அந்த வாரமே போட்டுத் தீர்க்கும் அவசரமும் வேண்டாம். புது டிராக்கின் திருப்பங்கள் மனதில் பதியச் சில நாள் ஆகும். தெரிந்த இரண்டு டிராக்குகளுக்கு நடுவில் தெரியாத ஒன்றை வையுங்கள். அதிலும் உச்ச நேரத்துக்கே எல்லாவற்றையும் ஒதுக்காமல், தொடக்கத்தில் ஆட்கள் இன்னும் சுவரோரம் நிற்கும்போது போட்டுப் பாருங்கள். அந்த நேரத்தில் ஒரு டிராக் யாரை நடுவே இழுத்து வருகிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

காதைக் கவனிக்காமல் விடுவதையும் சொல்லியாக வேண்டும். 85 டெசிபலில் 8 மணி நேரம் பாதுகாப்பு என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பது அமெரிக்காவின் பணியிட நல ஆய்வு நிறுவனமான என்ஐஓஎஸ்எச்சின் கணக்கு. 100 டெசிபலில் அது 15 நிமிடம்தான். சாதாரண நுரை காதடைப்பான் மேல் ஒலிகளைத்தான் அதிகமாக வெட்டும், அதனால் இசை மந்தமாகக் கேட்கும், சீக்கிரம் கழற்றத் தோன்றும். எல்லாப் பகுதியையும் ஓரளவு சமமாகக் குறைக்கும், இசைக்கலைஞர்களுக்கென்றே செய்யப்பட்ட வகை கிடைக்கிறது. அதை வாங்கி, பென் டிரைவ் இருக்கும் அதே பையில் போட்டு வையுங்கள்.