தேடியது அரை நிமிடத்தில் கிடைக்க வேண்டும்: டேப்லெட்டில் பாடநூல்களை அடுக்கும் முறை

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பவர்களுக்கான பகுதியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கையில் என் சித்தி மகள். அரசு வேலைக்கான குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறாள். கையில் புது டேப்லெட். நிதி ஆணையத்தைப் பற்றி எங்கேயோ பார்த்த ஒரு பக்கம் அவளுக்கு வேண்டியிருந்தது. பதிவிறக்கக் கோப்புறையைத் திறந்தாள். நானூறு பிடிஎஃப்களுக்கு மேல் இருந்தன. பாதிக்கு மேல் வாட்ஸ்அப் சூட்டிய பெயர்கள்: ஒரு தேதி, அதற்குப் பின்னால் ஓர் எண். ஒவ்வொன்றாகத் திறந்து மூடினாள். இருபது நிமிடம் கழித்து, "அக்கா, பேசாமல் புத்தகத்தையே தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம்" என்றாள்.

அவள் சலித்துக்கொண்டதில் நியாயம் இருக்கிறது. அச்சுப் புத்தகத்தில் இடப்பக்கம், கீழே, படத்துக்கு அடுத்து என்று கை தானாகப் போய்விடும். அந்தக் கைப்பழக்கம் டேப்லெட்டில் வராது. அதற்குப் பதில் நாமே வழிகாட்டிப் பலகைகளை நட்டு வைக்க வேண்டும். என் அளவுகோல் ஒன்றே ஒன்று. தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலில், ஒரு கையால் பிடியைப் பற்றிக்கொண்டு நிற்கும்போதுகூட, கேட்ட பக்கம் அரை நிமிடத்துக்குள் திரைக்கு வர வேண்டும். அன்று மாலை அவளுடைய டேப்லெட்டில் செய்ததையே இங்கே வரிசையாகச் சொல்கிறேன். ஆண்ட்ராய்டு டேப்லெட்டை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். மற்றவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதல் படி: திரையின் அளவு

பிடிஎஃப் என்பது 1993-இல் அடோபி நிறுவனம் கொண்டுவந்த வடிவம். எந்தக் கருவியில் திறந்தாலும் அச்சுப் பக்கம் போலவே தெரிய வேண்டும் என்பது அதன் நோக்கம். நமக்குத் தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது. திரை சிறிதானால் எழுத்து மடங்கி அடுத்த வரிக்குப் போகாது, பக்கம் முழுவதும் சுருங்கிவிடும்.

ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. பத்து அங்குல டேப்லெட்டை நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் ஏறக்குறைய 13.5 செ.மீ. அதாவது பக்கம் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடுகிறது. எட்டு அங்குலத்தில் பாதியாகிவிடும். கதை படிக்க எட்டு அங்குலம் போதும். பாடநூலுக்கும் வரைபடத்துக்கும் அட்டவணைக்கும் பத்து அங்குலத்துக்குக் குறைந்து வாங்க வேண்டாம் என்பேன்.

கடைக்குப் போகும்போது நீங்கள் படிக்கும் பாடநூலின் பிடிஎஃப் ஒன்றைப் பென்டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். அதையே திறந்து காட்டச் சொல்லிப் படித்துப் பாருங்கள். கடைக்காரர் ஓட்டிக் காட்டும் வண்ண வீடியோவில் எல்லாத் திரையும் அழகாகத்தான் இருக்கும். உறை, கேபிள், பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு இருக்கவே இருக்கிறது. பேனா கட்டாயம் இல்லை. ஆறு மாதம் கழித்தும் தேவை என்று தோன்றினால் வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: குறைவாகச் சேருங்கள்

டி.என்.பி.எஸ்.சி. (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) தேர்வுக்கு அடித்தளம் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பாடநூல்கள்தாம். அவற்றின் பிடிஎஃப்களை அரசே இலவசமாகத் தருகிறது. பாடத்திட்டமும் பழைய வினாத்தாள்களும் தேர்வாணையத்தின் இணையதளத்தில் கிடைக்கின்றன. இலக்கிய மூலத்துக்கு, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998 முதல் நடந்துவருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய பழைய நூல்கள் உள்ளன.

குழுக்களில் சுற்றிவரும் தொகுப்புகளை நான் தொடுவதில்லை. ஏதோ ஒரு பயிற்சி மையத்தின் விலைக்குரிய குறிப்பைத் திருட்டுத்தனமாக வாங்கி வைத்திருப்பது ஒரு பக்கம். அதைத் தொகுத்தது யார், எந்த ஆண்டுப் பாடநூலிலிருந்து எடுத்தார், பிழை திருத்தினாரா என்பது எதுவும் தெரியாமல் மனப்பாடம் செய்வது அதைவிட மோசம். சித்தி மகளின் நானூறில் ஒரே புத்தகம் ஐந்து பிரதிகள் இருந்தன. கழித்துக் கட்டியதும் அறுபத்திரண்டு மிஞ்சின.

மூன்றாம் படி: பெயர் வைத்தல்

கோப்புறைக்குள் கோப்புறை, அதற்குள் இன்னொரு கோப்புறை என்று பெட்டிக்குள் பெட்டி அடுக்காதீர்கள். நான்கு போதும்: பாடநூல், வினாத்தாள், என் குறிப்பு, நடப்பு நிகழ்வு. உழைப்பைப் பெயரில் காட்டுங்கள்.

பாடநூலுக்கு வகுப்பை முதலில் எழுதுங்கள், இரண்டு இலக்கத்தில். வெறும் 6 என்று எழுதினால் சில செயலிகள் அதை 12-க்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிடும். 06 என்று எழுதினால் ஒழுங்காக முன்னால் நிற்கும். பிறகு பாடம், பிறகு தொகுதி. நடப்பு நிகழ்வுக்கு ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை. நாளை முதலில் எழுதினால் எல்லா மாதத்தின் ஒன்றாம் தேதிகளும் ஒன்றாகக் கூடி நின்றுகொள்ளும்.

இனி நான் பெருமையோடு சொல்லும் ஒரு சின்ன வேலை. புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் பக்க எண்ணும் செயலி காட்டும் பக்க எண்ணும் ஒன்றாக இருப்பது அபூர்வம். அட்டை, முகவுரை, பொருளடக்கம் எல்லாவற்றையும் செயலி எண்ணிக்கொள்ளும். புத்தகத்தின் 45-ஆம் பக்கம் செயலிக்கு 53 ஆகிவிடும். அந்த வித்தியாசத்தை ஒருமுறை கணக்குப் பார்த்துக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். எங்கள் பட்டியலில் ஒரு கோப்பு இப்படி நிற்கிறது:

10-சமூக அறிவியல்-1 (+8)

பொருளடக்கம் 120 என்று சொன்னால் 128 என்று தட்டுகிறோம், பக்கம் வந்துவிடுகிறது. அறுபத்திரண்டு கோப்புகளுக்கும் இதைச் செய்ய ஒரு மாலை போயிற்று. நூலகத்துக்கு வெளியே டீ குடிக்கும்போதும் அவள் அதையே செய்துகொண்டிருந்தாள்.

நான்காம் படி: தமிழில் தேடுவது

புதிதாகத் தொடங்குபவர்கள் மனம் உடைந்துபோகும் இடம் இது. தேடல் கட்டத்தில் தமிழில் ஒரு சொல்லைத் தட்டுகிறீர்கள். கண்ணெதிரே அந்தச் சொல் இருக்கிறது. செயலியோ "எதுவும் இல்லை" என்கிறது. குறை உங்கள்மேல் இல்லை.

முதலில் ஒரு சோதனை. பக்கத்தில் ஒரு சொல்லை விரலால் அழுத்தித் தேர்ந்தெடுங்கள். தேர்வாகவே மறுத்தால் அந்தப் பக்கம் வெறும் புகைப்படம், பழைய நூல்களின் ஸ்கேன் பிரதிகள் பலவும் இப்படித்தான். தேர்வானால் அதை நகலெடுத்துக் குறிப்புச் செயலியில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் நல்லது. ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தால் அது பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொதுத் தரமான யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துகளை ஆங்கில எழுத்துகளின் இடங்களில் உட்கார வைத்திருந்தார்கள். பாமினி எழுத்துருவில் "அம்மா" என்று அடித்ததை ஒட்டினால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வந்து விழும். பார்வைக்கு அம்மா, கணினிக்கு அதுதான். தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அச்சுக்கென்று வடிவமைத்த கோப்புகளில் பழைய முறை இன்றும் தலைகாட்டுகிறது.

ஒட்டியது தமிழாகவே வந்தும் தேடல் சொதப்பலாம். ெ, ே, ை ஆகிய குறிகளை நாம் எழுத்துக்கு இடப்பக்கம் எழுதுகிறோம், யூனிகோடோ எழுத்துக்குப் பின்னால் சேமிக்கிறது. பிடிஎஃப் ஆகும்போது இந்த வரிசை பல கோப்புகளில் குலைந்துவிடுகிறது. அதனால் இந்தக் குறிகளும் ொ, ோ ஆகியவையும் வராத துண்டாகப் பார்த்துத் தேடுங்கள். "தேர்தல்" கிடைக்கவில்லையா, "ர்தல்" என்று தட்டுங்கள்.

இன்னொன்று நம் மொழியின் இயல்பு. "மாநிலம்" என்று தேடினால் "மாநிலத்தின்", "மாநிலங்களவை" எதுவும் அகப்படாது. "மாநில" என்று நிறுத்துங்கள், எல்லாம் வரும். சொல்லை வெட்டித் தேடும் இந்தப் பழக்கம் இரண்டு நாளில் கைவந்துவிடும். ஆனால் ரொம்பவும் வெட்டாதீர்கள். "வரி" என்று தேடினால் வருமான வரியோடு வரிசையும் வரிக்குதிரையும் சேர்ந்து வரும்.

புகைப்படப் பக்கமோ பழைய எழுத்துருவோ ஆனால், மிக முக்கியமான பக்கங்களை மட்டும் எழுத்தாக மாற்றலாம். கணினியில் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் மூலம் திறந்தால் படத்திலுள்ள தமிழைப் படித்து எழுத்தாக்கித் தருகிறது. கோப்பு 2 எம்பிக்குள் இருப்பது நல்லது. பழைய எழுத்துருக் கோப்பென்றால் பக்கத்தைத் திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து, அந்தப் படத்தை ஏற்றுங்கள். ரகரத்தையும் துணைக்காலையும் அது குழப்பிக்கொள்வதுண்டு, ஒருமுறை கண்ணோட்டித் திருத்துங்கள். முழுப் புத்தகத்தையும் இப்படி மாற்ற முயன்று நான் ஒரு வாரத்தைத் தொலைத்தேன். நீங்கள் தொலைக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: சொந்த அகரவரிசை

மேலே சொன்ன தேடல் தொல்லைக்கெல்லாம் சேர்த்து ஒரே மருந்து, நீங்களே தட்டும் ஒரு குறிப்புக் கோப்பு. கூகுள் கீப், சாம்சங் நோட்ஸ், எதுவானாலும் சரி. ஒரு வரிக்கு ஒரு செய்தி: என்ன, எந்தக் கோப்பு, எந்தப் பக்கம். அரசியலமைப்புச் சட்டப் பிரிவுகளுக்கு அவள் எழுதியது இப்படி:

பிரிவு 280, நிதி ஆணையம்: என் குறிப்பு, 14
பிரிவு 315, தேர்வாணையங்கள்: என் குறிப்பு, 17
பிரிவு 324, தேர்தல் ஆணையம்: என் குறிப்பு, 17

இது நீங்கள் தட்டிய யூனிகோடு. தேடல் இங்கே பொய்க்காது. ஒரு நாளைக்கு ஐந்து வரி போதும். பத்து வரி எழுத வேண்டும் என்று உறுதிமொழி எடுத்தவர்கள் இரண்டாம் வாரம் நிறுத்திவிடுகிறார்கள்.

ஆறாம் படி: படிக்கும்போது

ஓரம் வெட்டும் வசதி உள்ள செயலியாகப் பாருங்கள், ரீட்எராவில் இருக்கிறது. ஏ4 பக்கத்தில் இரு பக்கமும் இரண்டிரண்டு செ.மீ. வெள்ளை ஓரத்தை நீக்கினால், மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கிய எழுத்து ஐந்தில் நான்கு பங்காகப் பெரிதாகும். கண்ணாடி போடுபவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிது.

திரையை இரண்டாகப் பிரித்து, மேலே வினாத்தாள், கீழே பாடநூல். டேப்லெட் வாங்கியதற்கு இந்த ஒரு வசதியே போதும் என்பது என் கட்சி. வினாவைப் பார்த்து விடை இருக்கும் பக்கத்தைக் கண்டுபிடிப்பதே நல்ல பயிற்சி.

வண்ணம் தீட்டுவதில் கஞ்சத்தனம் வேண்டும். இரண்டு நிறம் போதும்: ஆண்டு, எண் போன்றவற்றுக்கு ஒன்று, புரியாத இடத்துக்கு ஒன்று. புரிந்ததும் இரண்டாவதை அழித்துவிடுங்கள். சில செயலிகள் நீங்கள் போட்ட கோட்டைக் கோப்பில் எழுதாமல் தம்மிடமே வைத்துக்கொள்ளும். முதல் நாளே ஒரு கோடு போட்டு, அதே கோப்பை வேறொரு செயலியில் திறந்து பாருங்கள். கோடு தெரியவில்லை என்றால் அந்தச் செயலியை நம்பி ஓராண்டு உழைக்காதீர்கள்.

பாடநூலில் உள்ள கியூஆர் குறியீட்டை, அது டேப்லெட் திரையிலேயே இருக்கும்போது, எப்படி ஸ்கேன் செய்வது என்று பலரும் கேட்கிறார்கள். திரைப்பிடிப்பு எடுத்து, அந்தப் படத்தைக் கூகுள் லென்ஸில் திறவுங்கள்.

படிக்கும் நேரத்தில் அறிவிப்புகளை அணைப்பதையும் வாட்ஸ்அப்பை டேப்லெட்டில் ஏற்றாமல் இருப்பதையும் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஏழாம் படி: பிரதி

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது முடிச்சூரில் தரைத்தள வீட்டில் இருந்தோம். தண்ணீர் வடிந்த பிறகு என் ஆறு குறிப்பேடுகளும் செங்கல் போல ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றைப் பிரித்தபோது பக்கமெல்லாம் நீலமாக இருந்தது, எழுத்து ஒன்றுகூட இல்லை. அதற்குப் பிறகு எதையும் ஓரிடத்தில் மட்டும் வைப்பதில்லை. டேப்லெட்டில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று, அக்கா வீட்டுப் பீரோவில் பென்டிரைவில் ஒன்று. டிரைவில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியில் உங்கள் புகைப்படங்களும் மின்னஞ்சலும் பங்கு கேட்கும் என்பதால் அவ்வப்போது எட்டிப் பாருங்கள். கையெழுத்துக் குறிப்புகளை டிரைவ் செயலியின் ஸ்கேன் வசதியால் படமெடுக்கலாம். காலையில் சன்னலோரம் எடுங்கள். டியூப்லைட்டின் கீழ் எடுத்தால் உங்கள் தலை நிழல் பாதிப் பக்கத்தை மறைக்கும்.

டிரைவில் மட்டும் இருக்கும் கோப்பு, இணையம் இல்லாத இடத்தில் இல்லாத கோப்புக்குச் சமம். அன்றன்று படிக்க வேண்டியதை வீட்டிலேயே டேப்லெட்டுக்கு இறக்கிக்கொள்ளுங்கள். மே மாதத்தில் ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில் டேப்லெட்டை வைத்துவிட்டுப் போகாதீர்கள். மழைக்காலத்துக்குப் பையில் ஒரு ஜிப் உறை.

கடைசியாக ஒன்று. தேர்வறைக்குள் டேப்லெட்டும் வராது, கைபேசியும் வராது. தேர்வுக்கு இரண்டு நாள் முன்னதாக அந்த அகரவரிசைக் கோப்பை மட்டும் ஜெராக்ஸ் கடையில் இரு பக்கமும் அச்சிட்டு வாங்கிவிடுங்கள். சித்தி மகளுக்கு இதுவரை ஒன்பது தாள் வந்திருக்கிறது.