வாழ்க்கை விளையாட்டுப் பாத்திரம் தன் பொழுதைத் தானே பார்த்துக்கொள்ள: தொடக்கநிலையினருக்கான செய்முறை

லைஃப் சிமுலேஷன், அதாவது கற்பனை மனிதர்களின் அன்றாட வாழ்க்கையை நடத்திச் செல்லும் வகைக் கணினி விளையாட்டை உருவாக்கத் தொடங்கும் எவரும் சீக்கிரமே ஒரு கேள்வியில் வந்து நிற்பார்கள்: பாத்திரம் தன் நேரத்தை எந்த அளவுக்குத் தானே நிர்வகிக்க வேண்டும்? "சாப்பிடு, குளி, தூங்கு" என்று ஒவ்வொன்றையும் ஆடுபவர் சொல்ல வேண்டியிருந்தால் அரை மணி நேரத்தில் அலுத்துவிடும். எல்லாவற்றையும் பாத்திரமே முடித்துவிட்டால் ஆடுபவருக்குச் செய்ய எதுவும் மிஞ்சாது. என் சிறிய விளையாட்டில் இதைச் சரிப்படுத்திய பிறகு நான் வந்து சேர்ந்த நிலைப்பாடு இது: மாலைக்குள் மாற்றிவிடக் கூடிய எதையும் பாத்திரம் தானே முடிவு செய்யலாம், மாற்ற முடியாத எதையும் அது தானாகச் செய்யக் கூடாது. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த நிலைப்பாட்டைக் கணக்காக மாற்றும் வேலைதான்.

முன்னோடி விளையாட்டுகள் மூன்றைப் பார்த்துவிடுவது நல்லது. மேக்ஸிஸ் உருவாக்கி 2000-இல் வெளிவந்த தி சிம்ஸ், பாத்திரத்தின் உடல், மனத் தேவைகளை வைத்து நேரத்தை ஓட்டியது. 2016-இல் வந்த ஸ்டார்டியூ வேலியில் ஊர்மக்கள் பருவம், கிழமை, மழை ஆகியவற்றுக்கேற்ப முன்பே எழுதிவைத்த அட்டவணைப்படி நடக்கிறார்கள். அவர்களுக்குப் பசியே எடுப்பதில்லை. ரிம்வேர்ல்டு இவற்றுக்கு நடுவில் நிற்கிறது. ஒவ்வொருவருக்கும் 24 மணிக் கட்டங்கள் உண்டு; வேலை, தூக்கம், பொழுதுபோக்கு, எது வேண்டுமானாலும் என்று ஆடுபவர் கட்டத்துக்கு வண்ணம் பூசுகிறார், அந்த எல்லைக்குள் பாத்திரம் தன் விருப்பப்படி இயங்குகிறது. நாம் இங்கே செய்யப்போவது சிம்ஸ் வழியை அடிப்படையாகக் கொண்டது.

கருவிகளைப் பொறுத்தவரை, விளையாட்டுகளை உருவாக்க உதவும் கட்டணமில்லாத மென்பொருளான கோடோ என்ஜின் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும்; இருவர் வாழும் ஒரு வீட்டுக்குப் பெரிய என்ஜின்களைத் தேட வேண்டியதில்லை. ஆனால் என்ஜினைத் திறப்பதற்கு முன் விரிதாள் மென்பொருளான லிப்ரே ஆபீஸ் கால்க்கைத் திறங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். இங்கே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை எண்களில் உள்ளவை. ஒரு விரிதாளில் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும் பிழையை, ஓடும் விளையாட்டில் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது போய்விடும். பாத்திரத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நடக்கவைப்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: கடிகாரம்

சிம்ஸில் சாதாரண வேகத்தில் நம்முடைய ஒரு நொடி, அங்கே ஒரு நிமிடம். ஒரு முழு நாள் 24 நிமிடங்களில் முடியும். இதையே பின்பற்றுங்கள். நேரத்தை 0 முதல் 1439 வரையிலான முழு எண்ணாக வைத்து, முடிவெடுக்கும் நிரல் முழுவதையும் திரையில் அடுத்தடுத்து வரையப்படும் படமான ஃபிரேமோடு கட்டாமல் இந்த நிமிட எண்ணோடு கட்டிவிட்டால், மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டினாலும் பாத்திரம் அதே மாதிரிதான் நடந்துகொள்ளும்.

படி 2: தேவைகளும் நாளின் வரவுசெலவும்

தி சிம்ஸ் 4-இல் உள்ள ஆறு தேவைகளே தொடக்கத்துக்குப் போதும்: பசி, உடல்தெம்பு, கழிவறை, சுத்தம், கேளிக்கை, பிறருடன் பழகுதல். ஒவ்வொன்றும் 0 முதல் 100 வரை. 100 என்றால் நிறைவு; பசி 100 என்றால் வயிறு நிறைந்திருக்கிறது என்று பொருள். மணிக்கு எவ்வளவு குறைய வேண்டும் என்பதை நிர்ணயிக்கும்போது பலரும் ஊகமாக ஓர் எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த படிக்குப் போய்விடுகிறார்கள். போகாதீர்கள். நாளின் மொத்தக் கணக்கை இங்கேயே போட்டுப் பார்க்க வேண்டும்.

மீனா என்று ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். பசி மணிக்கு 6 குறைகிறது என்றால் நாளுக்கு 144. ஒரு சாப்பாடு 40 நிமிடத்தில் 50 தருகிறது என்றால் மூன்று வேளை, 2 மணி நேரம். விழித்திருக்கும் 16 மணி நேரத்தில் தெம்பு மணிக்கு 5 வீதம் 80 குறையும். தூக்கம் மணிக்கு 10 தந்தால் 8 மணி நேரத் தூக்கம். கழிவறைக்கும் குளியலுக்கும் சேர்த்து 1 மணி நேரம். கேளிக்கை விழித்திருக்கையில் மணிக்கு 5 வீதம் 80 குறைந்து, டிவி மணிக்கு 40 தந்தால் 2 மணி நேரம். பழகுதல் மணிக்கு 3 வீதம் 72 குறைந்து, பேச்சு மணிக்கு 36 தந்தால் இன்னும் 2 மணி நேரம். கூட்டினால் 15 மணி நேரம். வேலைக்கு 8 மணி நேரம் என்றால் 23 ஆயிற்று. நடக்கும் நேரத்தையும் கழித்தால், ஆடுபவர் மீனாவைக் கொண்டு எதையாவது செய்ய ஒரு மணி நேரம்கூட இல்லை.

இந்த எண்களோடு ஒரு விளையாட்டை வெளியிட்டால், பாத்திரம் பேச்சைக் கேட்பதில்லை என்றுதான் ஆடுபவர்கள் சொல்வார்கள். உண்மையில் அதற்குக் கேட்க நேரமில்லை. கேளிக்கையின் குறைவை மணிக்கு இரண்டரையாக்கி, கூடி உண்ணும்போது மணிக்கு 18 வீதம் பழகுதலும் ஏறுமாறு செய்தால், இரண்டிலும் ஒவ்வொரு மணி நேரம் மிச்சமாகி, நாளுக்குக் கிட்டத்தட்ட 3 மணி நேரம் ஆடுபவர் கைக்கு வருகிறது. அந்த 3 மணி நேரம்தான் உங்கள் விளையாட்டு. அதை விரிதாளில் தனி வரியாக எழுதிவைத்து, புதிய வசதி எதைச் சேர்த்தாலும் அந்த வரி சுருங்குகிறதா என்று பாருங்கள்.

படி 3: பொருள்கள் அழைக்கட்டும்

மீனாவின் நிரலில் "பசித்தால் ஃபிரிட்ஜுக்குப் போ" என்று எழுத வேண்டாம். தி சிம்ஸின் அடிப்படையான நுட்பம், பொருள்களே தம்மால் என்ன தர முடியும் என்பதைச் சுற்றியுள்ளோருக்கு விளம்பரம் செய்வதாகும். ஃபிரிட்ஜ் "பசி 50, 40 நிமிடம்" என்கிறது; டிவி "கேளிக்கை 40, 60 நிமிடம்" என்கிறது. நாளை நீங்கள் ஓர் ஊஞ்சலைச் சேர்த்தால் மீனாவின் நிரலில் ஓர் எழுத்தும் மாறாது.

மதிப்பெண் கணக்கு எளிமையானது. ஒவ்வொரு தேவையின் குறையையும், அதாவது 100-இலிருந்து தற்போதைய அளவைக் கழித்து வருவதை, வர்க்கப்படுத்துங்கள். செயலுக்கு முந்தைய வர்க்கத்திலிருந்து பிந்தைய வர்க்கத்தைக் கழித்து, நடையும் சேர்ந்த மொத்த நிமிடங்களால் வகுங்கள். பசி 40-இல் இருந்தால் குறை 60, வர்க்கம் 3600; சாப்பிட்ட பின் குறை 10, வர்க்கம் 100; பலன் 3500. அதை 40 நிமிடச் சாப்பாடு, 5 நிமிட நடை என 45-ஆல் வகுத்தால் 78. பசி 90-இல் இருக்கும்போது அதே சாப்பாட்டின் மதிப்பெண் வெறும் 2. வர்க்கப்படுத்துவதால் கிடைக்கும் நன்மை இதுதான்: தேவை இல்லாதபோது பாத்திரம் தட்டைத் தொடாது, தேவை முற்றும்போது வேறெதையும் தொடாது.

எப்போதும் முதலிடத்தையே தேர்ந்தெடுத்தால் நடத்தை இயந்திரத்தனமாகத் தெரியும். முதலிடத்துக்குப் பத்து சதவீதத்துக்குள் வரும் செயல்களிலிருந்து ஒன்றைக் குலுக்கல் முறையில் எடுங்கள்.

படி 4: எப்போது மனம் மாறலாம்

இந்தச் செய்முறையில் என் நேரத்தை மிகுதியாக எடுத்துக்கொண்ட படி இது. நீங்களும் இங்கே அவசரப்பட வேண்டாம்.

ஒவ்வொரு நிமிடமும் மதிப்பெண்ணைப் புதிதாகக் கணக்கிட்டு முதலிடத்துக்குத் தாவுமாறு எழுதினால் என்ன ஆகும் என்று பாருங்கள். மீனாவுக்குப் பசி 40, கேளிக்கையும் 40. சாப்பாட்டின் மதிப்பெண் 78. டிவியின் மதிப்பெண் 3200-ஐ 65-ஆல் வகுக்க 49. சாப்பிட உட்காருகிறாள். பசி தணியத் தணியச் சாப்பாட்டின் மதிப்பெண் இறங்குகிறது. 24-ஆம் நிமிடத்தில் அது 50. 25-ஆம் நிமிடத்தில் 48. தட்டில் சோறு மிச்சமிருக்க எழுந்து டிவிக்குப் போய்விடுகிறாள். மேசையில் உள்ள தட்டும் ஒரு பொருள் என்பதால் அது தொடர்ந்து அழைத்துக்கொண்டே இருக்கிறது. சுமார் 40 நிமிடம் கழித்து டிவியின் மதிப்பெண் அதற்குக் கீழே இறங்கியதும், ஆறிப்போன சோற்றுக்குத் திரும்பி வருகிறாள். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் பார்ப்பவருக்கு அவள் சித்தம் கலங்கியவளாகத் தெரிவாள்.

தீர்வு, கணக்கிடும் தருணங்களைக் குறைப்பதுதான். எடுத்த செயல் முடிந்தபோது, ஏதேனும் ஒரு தேவை 15-க்குக் கீழே விழுந்தபோது, ஆடுபவர் கட்டளையிட்டபோது, குறித்த வேலைக்குக் கிளம்பும் நேரம் வந்தபோது ஆகிய நான்கு தருணங்களில் மட்டும் பாத்திரம் மறுபடி யோசிக்கட்டும். டிவி, படிப்பு போல இயல்பான முடிவு இல்லாத செயல்களுக்கு மட்டும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை யோசிக்க அனுமதித்து, நடந்துகொண்டிருக்கும் செயலின் மதிப்பெண்ணை 1.25-ஆல் பெருக்குங்கள். இந்தப் பெருக்கலால் கொஞ்சம் கூடுதல் ஆசைக்காக அவள் எழுந்து ஓடமாட்டாள். சாப்பாட்டை நடுவில் நிறுத்தலாம், குளியலை நிறுத்தக் கூடாது என்பது போன்ற குறிப்பையும் ஒவ்வொரு செயலோடும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

படி 5: கடிகாரத்துக்குக் கட்டுப்பட்ட வேலைகள்

காலை 9 மணிக்கு வேலை, 20 நிமிடப் பயணம் என்றால் கிளம்பும் நேரம் 8.40. அதற்கு முந்தைய 2 மணி நேரத்தில், 8.40-க்குள் முடியக் கூடிய செயல்கள் மட்டுமே போட்டியில் சேரட்டும். இது மட்டும் போதாது. காலை 8 மணிக்கு மீனாவின் பசி 60. இப்போதைக்குப் பெரிய பசி இல்லை. ஆனால் மாலை 5 மணி வரை மணிக்கு 6 வீதம் 54 குறைந்தால் மிஞ்சுவது 6. ஆகவே கிளம்புவதற்கு முந்தைய நேரத்தில் மட்டும், இப்போதைய அளவுக்குப் பதிலாகத் திரும்பி வரும்போது இருக்கப்போகும் அளவை வைத்து மதிப்பெண் போடுங்கள். காலை உணவு என்ற கருத்தை நீங்கள் எங்குமே எழுதாமல், பாத்திரம் தானாகவே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும். நேரத்தைத் தானே நிர்வகிப்பது என்று நான் மதிப்பது இதைத்தான்.

படி 6: ஆடுபவரின் சொல்

தானாகத் தொடங்கிய செயலை ஆடுபவரின் கட்டளை உடனே நிறுத்த வேண்டும். ஆடுபவர் தொடங்கிவைத்த செயலைப் பாத்திரத்தின் சொந்த ஆசை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. இதற்காக, ஒவ்வொரு செயலையும் யார் தொடங்கினார் என்ற குறியோடு வரிசையில் சேருங்கள். தேவை 15-க்கு வந்தால் பாத்திரம் முகத்தாலும் குரலாலும் முறையிடலாம். 0-ஐத் தொட்டால் மட்டும் உடல் தன் வழியைப் பார்த்துக்கொள்ளட்டும். கடைசிக் கட்டளை முடிந்ததும் பத்து விளையாட்டு நிமிடங்கள் அது சும்மா நிற்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த இடைவெளி இல்லாவிட்டால், ஆடுபவர் அடுத்த கட்டளையை யோசிப்பதற்குள் பாத்திரம் மாடியேறிப் போயிருக்கும்.

படி 7: தொடக் கூடாதவை

வேலையை விடுவது, திருமணம், குழந்தை, வீடு மாறுவது, பொருளை விற்பது, பெருந்தொகை செலவிடுவது, நெடுநாள் உறவை முறிப்பது ஆகியவை பொருள்களின் அழைப்புப் பட்டியலில் இடம்பெறவே கூடாது. 2009-இல் வந்த தி சிம்ஸ் 3-இல், ஆடுபவர் கவனிக்காத குடும்பங்களும் தாமாக மணம் செய்து, பிள்ளை பெற்று, ஊரைவிட்டுப் போயின. உயிருள்ள ஊர் என்ற உணர்வு அதனால் வந்தது உண்மை. ஆனால் அதை விரும்பாதவர்களுக்கு முழுவதுமாக அணைப்பது என்ற மோட்டாவான வழிதான் இருந்தது. பின்னாளில் தி சிம்ஸ் 4-இல் சேர்ந்த நெய்பர்ஹுட் ஸ்டோரீஸ், எந்தக் குடும்பத்தில் எந்த வகை மாற்றம் நடக்கலாம் என்று தனித்தனியாகக் குறிக்க விட்டது. அக்கம்பக்கத்தினர் ஃபோனில் அழைத்து யோசனை கேட்கவும் செய்தார்கள். பெரிய முடிவைப் பாத்திரம் விரும்பலாம், கேட்கலாம். செய்வதற்கு ஆடுபவரின் சம்மதம் வேண்டும். அதே விளையாட்டில், தேர்ந்தெடுத்த பாத்திரத்துக்கு மட்டும் தன்னிச்சையை அணைக்கும் வசதியும் இருக்கிறது. சிறிய விளையாட்டிலும் அதைக் கட்டாயம் வையுங்கள். கதை எழுதுவது போல ஆடுபவர்கள் அதை நம்பியே ஆடுகிறார்கள்.

சோதனை

வீட்டை ஏழு விளையாட்டு நாள்களுக்குத் தொடாமல் ஓடவிடுங்கள். ஒவ்வொரு முடிவின்போதும் நேரம், பாத்திரம், எடுத்த செயல், அதன் மதிப்பெண், இரண்டாமிடம் வந்த செயல், அதன் மதிப்பெண் ஆகியவற்றை ஒரு வரியாகக் கோப்பில் எழுதிக் கால்க்கில் திறங்கள். பாத்திரத்தின் தலைக்கு மேல் எண்களைக் காட்டும் முறையைவிட இது எனக்குப் பிடித்தமானது, ஏனெனில் நேற்று இரவு 2 மணிக்கு ஏன் எழுந்தாள் என்பதைத் திரையில் பார்க்க முடியாது, கோப்பில் பார்க்கலாம். ஏழு நாள் முடிவில் அவள் நலமாக, வேலையில் தொடர்ந்து, ஆனால் பதவி உயர்வோ புதுத் திறனோ இல்லாமல் இருந்தால் தன்னிச்சையின் அளவு சரி. உயர்வு பெற்றிருந்தால் அளவு மிகுதி. மயங்கி விழுந்திருந்தால் குறைவு.

பின்சேர்க்கை

இதைப் பின்பற்றிய வாசகர்கள் இரண்டு சிக்கல்களை எழுதியிருந்தார்கள். ஒன்று, பாத்திரம் ஓயாமல் கழிவறைக்குப் போகிறது. காரணம், நிமிடங்களால் வகுப்பது குறுகிய செயல்களுக்குச் சாதகமானது. கழிவறைத் தேவை 80-இல் இருந்தாலும், 400-ஐ 15-ஆல் வகுக்க 27 கிடைக்கிறது. கேளிக்கை 70-இல் இருக்கும்போது டிவிக்குக் கிடைப்பது 14. பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியும் செயல்களுக்கு ஒரு வாசல் வையுங்கள்: தேவை 40-க்கு மேல் இருக்கும்வரை கழிவறை யாரையும் அழைக்காது.

இன்னொன்று, இருவர் உள்ள வீட்டில் இருவரும் ஒரே குளியலறையை நோக்கி நடந்து, ஒருவர் வாசல்வரை போய்த் திரும்புவது. பொருளைச் சென்றடைந்தபோது ஒதுக்காமல், தேர்ந்தெடுத்த கணத்திலேயே அவர் பெயருக்கு ஒதுக்கிவிடுங்கள். ஒதுக்கிய பொருள் மற்றவருக்கு அழைப்பு விடுக்காது. பாதி வழியில் ஆடுபவர் கட்டளையிட்டுச் செயல் ரத்தாகும்போது அந்த ஒதுக்கீடும் நீங்குகிறதா என்று தனியாகச் சோதியுங்கள். நீங்காவிட்டால், குளியலறை காலியாக இருந்தும் அன்று முழுவதும் வீட்டில் ஒருவரும் குளிக்கமாட்டார்கள். கோப்பில் அந்த நாளில் "குளியல்" என்ற சொல்லே இருக்காது என்பதால் எளிதில் கண்ணுக்குப் படாது.