பெல்லட் வாங்கும் முன் ஒரு டம்ளர் தண்ணீர்

குளிர்காலத்துக்கு அடுப்பு பெல்லட்டை (மரத்தூளை இறுக்கி அழுத்திச் செய்த சிறு எரிபொருள் உருளைகள்) மொத்தமாக வாங்கும் முன், ஒரே ஒரு பை வாங்கி, நாலைந்து பெல்லட்டுகளைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நல்ல சரக்கு உடனே அடியில் போய் உட்காரும். சில நிமிடங்களில் ஊதிப் பெருத்து வெறும் மரத்தூளாக உதிர்ந்துவிடும். மிதந்தால் வேண்டாம்.

நன்றாக இறுக்கி அழுத்திய பெல்லட் தண்ணீரைவிட அடர்த்தியானது. அதைக் கட்டி வைத்திருப்பது பசையல்ல, மரத்திலேயே உள்ள லிக்னின் என்ற இயற்கைப் பொருள். அதனால்தான் தண்ணீரில் உதிர்கிறது. சரியாக அழுத்தாதது பைக்குள்ளேயே நொறுங்கும். அந்தத் தூள்தான் அடுப்புக்குள் பெல்லட்டைத் தள்ளும் திருகுத்தண்டை அடைக்கும், அதுவும் கடுங்குளிர் இரவாகப் பார்த்து. பையின் அடிமூலையில் தூள் குவிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

சாம்பல் எவ்வளவு விழும் என்பதை மட்டும் தண்ணீர் சொல்லாது. சாம்பலைக் கூட்டும் மரப்பட்டை கலந்த பெல்லட்டும் அழகாக மூழ்கும். அதற்கு, ஐரோப்பாவில் பையின் மேல் ‘ஈஎன்பிளஸ் ஏ1’ (ENplus A1) என்ற தரச்சான்று முத்திரையும் அதன் அடையாள எண்ணும் இருக்க வேண்டும்: சாம்பல் 0.7 சதவீதத்தையும் ஈரம் 10 சதவீதத்தையும் தாண்டக்கூடாது என்பது அந்தத் தரத்தின் விதி. நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மர வகைக்கு ஏற்ப அது மாறும்.