தடுமாறும் இணைப்பிலும் பதிவான காணொளியைத் தடையின்றி ஓடச் செய்தல்

நேரலையைப் போலன்றி, பதிவான காணொளியில் இனி வரப்போகும் காட்சிகளும் சேவையகத்தில் ஏற்கெனவே ஆயத்தமாக உள்ளன. ஆகவே இணைப்பு நன்றாக இருக்கும்போதே முடிந்தவரை இறக்கிச் சேமித்துக்கொள்வதுதான் தடையற்ற ஓட்டத்துக்கு அடிப்படை.

முதலில் காணொளியைப் பல தரங்களில் குறியாக்கம் செய்ய வேண்டும். 1080பி, 720பி, 480பி ஆகியவற்றுடன், வினாடிக்கு ஏறத்தாழ 250 கிலோபிட்டில் அடங்கும் மிகக் கீழான தரம் ஒன்றும் தேவை. மங்கலாக இருக்கிறதே என்று பலர் இதைத் தவிர்க்கிறார்கள். ஆனால் மோசமான இணைப்பில் படம் நிற்காமல் ஓடுவது இதனால்தான். ஒவ்வொரு தரத்துக்கும் பிட்விகித (வினாடிக்கு எத்தனை பிட் என்ற அளவு) உச்சவரம்பையும் விதிக்க வேண்டும். வினாடிக்குச் சராசரி 2 மெகாபிட் என்று அறிவிக்கப்பட்ட கோப்பு, வேகமான காட்சிகளில் 5 மெகாபிட்டுக்குத் தாவினால், எந்தத் தரத்தை இறக்கலாம் என்று பிளேயர் போடும் கணக்கு முழுவதும் பொய்த்துவிடும்.

பிறகு ஒவ்வொரு தரத்தையும் சிறு துண்டுகளாக்க வேண்டும். ஆப்பிள் நிறுவனம் 2009-இல் கொண்டுவந்த எச்.எல்.எஸ்., 2012-இல் தரநிலையாக வெளியான எம்பெக்-டேஷ் ஆகிய இரண்டும் இம்முறையில் இயங்குபவை. துண்டு சிறிதானால் தரத்தை விரைவாக மாற்றலாம். ஆனால் ஒவ்வொரு துண்டையும் தனியாகக் கேட்டுப் பெற வேண்டியிருப்பதால், தாமதம் மிகுந்த இணைப்பில் அதுவே சுமையாகும். 4 முதல் 6 வினாடி பெரும்பாலும் பொருந்தும். எல்லாத் தரங்களிலும் கீஃபிரேம்கள் (முந்தைய படங்களைச் சாராமல் தனித்தே காட்டக்கூடிய முழுப் படங்கள்) ஒரே நொடியில் விழ வேண்டும். காட்சி மாறும்போது தானாகக் கீஃபிரேம் இடும் வசதியை அணைக்காவிட்டால், வெட்டும் இடங்கள் தரத்துக்குத் தரம் விலகி, மாறும்போதெல்லாம் படம் துள்ளும்.

பிளேயர் கீழான தரத்தில் தொடங்கி, குறைந்தது 30 வினாடிக்கான காட்சியைக் கையிருப்பில் வைத்திருக்கட்டும். கடைசித் துண்டின் வேகத்தை மட்டும் நம்பாமல், அண்மைய சில துண்டுகளின் சராசரியையும் கையிருப்பின் அளவையும் சேர்த்துப் பார்த்தே தரத்தை முடிவுசெய்ய வேண்டும். கீழான தரத்துக்கு இறங்குவதில் வேகமும் மேலான தரத்துக்கு ஏறுவதில் நிதானமும் வேண்டும். கையிருப்பு தீரும் நிலையில் ஒரு துண்டு பாதியில் திணறினால், அதைக் கைவிட்டுக் கீழான தரத்தில் அதே துண்டைக் கேட்பதே நல்லது.

தொலைந்ததைத் தானாக மறுபடி அனுப்பாத யு.டி.பி. நெறிமுறைக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது, என் பார்வையில், இங்கு பொருந்தாத ஆலோசனை. கையிருப்பு இருக்கும்வரை, தொலைந்த பாக்கெட்டுகளை (தரவின் சிறு பொதிகளை) வழக்கமான டி.சி.பி. நெறிமுறை மறுபடி அனுப்பப் போதிய நேரம் கிடைக்கிறது. பாக்கெட் இழப்பு மிகுந்த கம்பியில்லா இணைப்புகளுக்குச் சேவையகத்தில் அனுப்பும் வேகத்தை முடிவுசெய்யும் கூகுளின் பி.பி.ஆர். நெரிசல் கட்டுப்பாட்டை இயக்கிப் பார்க்கலாம். அது ஒவ்வோர் இழப்பையும் நெரிசலாக எண்ணி வேகத்தைக் குறைப்பதில்லை.

வெளியிடுமுன், லினக்ஸின் நெட்டெம் கருவியால் 3 சதவீத இழப்பையும் 200 மில்லிவினாடி தாமதத்தையும் செயற்கையாக உண்டாக்கி, இடையே 20 வினாடி இணைப்பை முற்றிலும் துண்டித்துச் சோதிக்கவும். படம் தொடங்க ஆன நேரத்தையும் இடையில் நின்ற தடவைகளையும் குறித்துக்கொண்டு, நின்றிருந்தால் முதலில் கையிருப்பை உயர்த்தி மறுபடி சோதிக்கவும்.