61 மெகாபிக்சல் கேமராவில் பிரைம் லென்ஸின் தரத்தைக் கணிப்பது எப்படி?

திருமணப் படங்களுக்காக உயர் பிக்சல் கேமராவும் அதற்கேற்ற பிரைம் லென்ஸும் (ஜூம் செய்ய முடியாத, ஒரே குவியத் தொலைவு கொண்ட லென்ஸ்) வாங்கிய நண்பர்களில் பலர் முதல் வாரத்திலேயே ஏமாற்றத்தோடு என்னிடம் வருகிறார்கள். கணினியில் படத்தைத் திறந்து, 100 சதவீத அளவுக்கு, அதாவது படத்தின் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலாகத் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கி, மணமகளின் இமைமயிர் சற்று மங்கலாக இருப்பதைக் காட்டி, லென்ஸ் சரியில்லை என்கிறார்கள். சில சமயம் லென்ஸில் உண்மையாகவே குறை இருக்கும். ஆனால் பெரும்பாலும் அது கையிலோ, ஃபோகஸிலோ, படத்தைப் பார்க்கும் முறையிலோதான் இருக்கும். ஆகவே தரத்தைக் கணிப்பது என்பது, மங்கலுக்கான காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போய், எஞ்சி நிற்பதை மட்டும் லென்ஸின் கணக்கில் எழுதும் வேலை. பெங்களூரு அல்சூரில் என் வீட்டு மொட்டைமாடியில் நான் அதைச் செய்யும் விதத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில், 100 சதவீதப் பார்வையில் நாம் எதைப் பார்க்கிறோம் என்பது தெளிவாக வேண்டும். 2019இல் வந்த 61 மெகாபிக்சல் சோனி ஏ7ஆர் 4 கேமராவின் படம் 9504 பிக்சல் அகலமும் 6336 பிக்சல் உயரமும் கொண்டது. சாதாரண 24 அங்குல ஃபுல் எச்டி திரையில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 பிக்சல்கள் இருப்பதால், அந்தப் படத்தை 100 சதவீதத்தில் பார்ப்பது, எட்டரை அடி அகலமுள்ள பதாகையை இரண்டடி தூரத்தில் நின்று உற்றுப் பார்ப்பதற்கு ஒப்பாகும். அதே திரையில் 24 மெகாபிக்சல் கேமராவின் படம் ஐந்தரை அடிக்கும் குறைவான பதாகைதான். பழைய கேமராவில் கூர்மையாக இருந்த லென்ஸ் புதியதில் மங்கிவிட்டது என்ற புகாரில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும். ஒன்றரை மடங்குக்கு மேல் பெரிதாக்கிய படத்தையும் பெரிதாக்காத படத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால் எந்த லென்ஸும் தோற்கும். இரண்டு கேமராக்களை ஒப்பிட வேண்டுமானால், பெரிய படத்தைச் சிறியதன் அளவுக்குக் குறைத்தோ, இரண்டையும் ஒரே அளவில் அச்சிட்டோதான் பார்க்க வேண்டும். குறைந்த வெளிச்சத்தில் புள்ளிப்புள்ளியாகத் தெரியும் இரைச்சலுக்கும் இதே விதி பொருந்தும்.

அடுத்து விலக்க வேண்டியது கை நடுக்கம். குவியத் தொலைவின் (லென்ஸின் மேல் மி.மீ.இல் குறித்திருக்கும் எண்) தலைகீழ் எண்ணை, அதாவது 85 மி.மீ.க்கு 1/85 நொடியை, ஷட்டர் வேகமாக வைத்துக்கொள்ளலாம் என்ற பழைய விதி, ஃபிலிம் காலத்துக்கும் சிறிய அச்சுகளுக்கும் உரியது. ஒரு முறை 85 மி.மீ. லென்ஸ் ஒன்றைக் குறையுள்ளது என்று முடிவுகட்டி, விற்றுவிடவும் துணிந்தேன். நான் எடுத்த படங்கள் எல்லாம் நொடியில் 1/100 பங்கு வேகத்தில் இருந்ததை என் மனைவிதான் கவனித்துச் சொன்னாள். 1/320க்கு மாற்றியதும் அதே லென்ஸ், அதே முகத்தில், புருவத்தின் ஒவ்வொரு மயிரையும் பிரித்துக் காட்டியது. ஆகவே கையில் பிடித்து எடுக்கும்போது குவியத் தொலைவின் மூன்று மடங்கு வேகத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சோதனைப் படங்களுக்கோ டிரைபாட் கட்டாயம். இரண்டு நொடி டைமரும், ஷட்டரின் அதிர்வைக் குறைக்கும் எலக்ட்ரானிக் முதல் திரை ஷட்டரும் வேண்டும். டிரைபாடில் இருக்கும்போது அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுவது பாதுகாப்பானது. மொட்டைமாடித் தரையே அதிரும் என்பதால், படம் பதிவாகும் வரை பக்கத்தில் யாரும் நடக்காமல் இருப்பது நல்லது.

சோதனைக்கு விலை உயர்ந்த அட்டை எதுவும் வேண்டாம். தமிழ்ச் செய்தித்தாள் போதும். வரி விளம்பரங்கள் அடர்ந்த பக்கங்களாகத் தேர்ந்து, சுருக்கமில்லாமல் சுவரில் ஒட்டுங்கள். படச்சட்டத்தின் நடுவில் ஒன்று, நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்று. லென்ஸின் குவியத் தொலைவைப் போல 50 மடங்கு தூரத்தில், அதாவது 50 மி.மீ. லென்ஸுக்கு இரண்டரை மீட்டரிலும் 35க்கு ஒன்றே முக்கால் மீட்டரிலும் 85க்கு நாலேகால் மீட்டரிலும் கேமராவை நிறுத்தினால், முழுச்சட்டச் சென்சாரில் (36 மி.மீ. அகலமுள்ளது) ஏறத்தாழ ஒன்றே முக்கால் மீட்டர் அகலச் சுவர் படத்துக்குள் வரும். ஒரு பிக்சல் சுவரில் ஏறத்தாழ 0.18 மில்லிமீட்டரை அடக்கும். மெய்யெழுத்தின் மேல் அச்சாகியிருக்கும் புள்ளியின் அகலமும், புள்ளிக்கும் எழுத்துக்கும் இடையிலுள்ள வெள்ளை இடைவெளியும் அந்தக் கணக்கில் இரண்டு மூன்று பிக்சல்தான். நல்ல லென்ஸ் புள்ளியைத் தனியாக நிறுத்தும். சுமாரான லென்ஸ் அதை எழுத்தோடு ஒட்டிவிடும். அதைவிட மோசமானது புள்ளியே இல்லாமல் செய்துவிடும். ணகரத்தின் சுழிகளும் னகரத்தின் சுழிகளும் பிரிந்து தெரிகின்றனவா என்பது அடுத்த கேள்வி. எந்தச் சோதனை அட்டையும் தமிழ் படித்த கண்ணுக்கு இவ்வளவு விரைவாக விடை சொல்லாது என்பது என் அனுபவம்.

சுவரும் சென்சாரும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் மற்ற உழைப்பெல்லாம் வீண். நடுப்பக்கத்தின் மேல் ஒரு சிறிய முகக்கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி வைத்து, கேமராத் திரையில் லென்ஸின் பிரதிபலிப்பு சரியாகப் படத்தின் மையத்தில் தெரியும் வரை டிரைபாடை நகர்த்துங்கள். பிறகு கண்ணாடியை எடுத்துவிட்டு, திரையில் பெரிதாக்கிப் பார்த்து, கையால் ஃபோகஸ் செய்யுங்கள். லென்ஸின் மிகப் பெரிய திறப்பில் தொடங்கி எஃப்/2.8, எஃப்/4, எஃப்/5.6, எஃப்/8, எஃப்/11 என்று வரிசையாக எடுங்கள்; எஃப் எண் கூடக் கூட, ஒளி நுழையும் திறப்பு சிறிதாகும். ஒவ்வொரு திறப்புக்கும் புதிதாக ஃபோகஸ் செய்து மூன்று படங்கள் எடுத்து, அவற்றில் சிறந்ததை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். சில லென்ஸ்களில் திறப்பைக் குறைக்கும்போது ஃபோகஸ் தளமே சற்று இடம்பெயரும். மூன்று முறை ஃபோகஸ் செய்வதற்கு அதுவும் ஒரு காரணம். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா கோப்பு, இரண்டும் மாறக்கூடாது. கணினியில் திறக்கும்போது மென்பொருள் தானாகச் சேர்க்கும் கூர்மையூட்டலையும் லென்ஸ் திருத்தத்தையும் கவனியுங்கள். அடோபி லைட்ரூம் ரா கோப்புகளுக்கு இயல்பாகவே 40 என்ற அளவில் கூர்மையூட்டும். எல்லாப் படங்களுக்கும் அந்த அளவு ஒன்றாக இருந்தால் போதும், பூஜ்யமாக்கத் தேவையில்லை.

படங்களைப் பார்க்கும்போது நடுப்பகுதியில் தொடங்குங்கள். நடுவே மங்கலாக இருந்தால் மூலைகளைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. அது ஃபோகஸ் தவறாகவோ அதிர்வாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம், எனவே மீண்டும் எடுங்கள். நடு கூர்மையாக இருந்தால் நான்கு மூலைகளையும் ஒரே திறப்பில் ஒப்பிடுங்கள். நான்கும் ஒரே அளவு மங்கினால் அது அந்த லென்ஸ் வடிவமைப்பின் இயல்பு. திறப்பைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகும். ஒரு பக்கம் மட்டும் மங்கினால், உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி மையம் விலகியிருக்கக்கூடும். பழைய லென்ஸ் வாங்குபவர்கள் கட்டாயம் தேட வேண்டிய குறை இதுதான், ஏனெனில் வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல், ஒரு முறை கீழே விழுந்ததிலேயே இது வந்துவிடும். ஆனால் தீர்ப்புச் சொல்வதற்கு முன் கேமராவைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு முறை எடுங்கள். மங்கல் படச்சட்டத்தின் அதே பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் குறை லென்ஸிலோ கேமராவிலோ இருக்கிறது. சுவரின் அதே பக்கத்தில் நின்றுவிட்டால் உங்கள் டிரைபாட்தான் கோணலாக நிற்கிறது. கேமராவா லென்ஸா என்பதை, வேறொரு லென்ஸை மாட்டிப் பார்த்தாலே அறியலாம்.

நான்கு மூலைகளும் மங்கும் லென்ஸையும் உடனே ஒதுக்கிவிடக் கூடாது. மூலையில் ஃபோகஸ் செய்து ஒரு படம் எடுங்கள். அப்போது மூலை கூர்மையாகி நடு மங்கினால், அந்த லென்ஸின் ஃபோகஸ் தளம் தட்டையாக இல்லாமல் கிண்ணம்போல் வளைந்திருக்கிறது என்று பொருள். சுவரையும் ஆவணங்களையும் படமெடுக்க அது இடைஞ்சல். முகங்களை எடுப்பவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

தூரக் காட்சிகளில் லென்ஸ் வேறு விதமாக நடந்துகொள்ளும் என்பதால், சுவர்ச் சோதனையோடு நிறுத்திவிட முடியாது. 2009இல் திருவள்ளுவர் சிலை திறக்கப்பட்ட அல்சூர் ஏரிக்கரைக்கு விடியற்காலையில் போய், ஏரியின் நடுவிலுள்ள திட்டுகளின் மரங்களைக் குறிவைப்பேன். ஒரே மரக்கிளையை முதலில் படத்தின் நடுவிலும் பிறகு நான்கு மூலைகளிலும் வைத்து, ஃபோகஸை மாற்றாமல் ஐந்து படங்கள் எடுத்தால், மையம் விலகிய லென்ஸ் இங்கேயும் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஏழரை மணிக்குள் முடித்துவிடுங்கள். மார்ச் முதல் மே வரை நண்பகலில் மொட்டைமாடியிலிருந்து தொலைவிலுள்ள கட்டடங்களைச் சோதித்தால், தகரக் கூரைகளிலிருந்து எழும் கானல் உலகின் மிகச் சிறந்த லென்ஸையும் குழம்பச் செய்யும். லென்ஸின் முன் மாட்டிய மலிவான யூவி ஃபில்டரையும் கழற்றிவிட்டு எடுங்கள்.

பொருள்களின் விளிம்பில் இல்லாத நிறம் படியும் நிறக் கசிவு இரண்டு வகைப்படும். இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது. லால்பாகில் 1889இல் அடிக்கல் நாட்டப்பட்ட கண்ணாடி மாளிகையின் இரும்புச் சட்டங்களை வெளிர் வானத்தின் பின்னணியில் படச்சட்டத்தின் ஓரங்களில் வைத்து எடுத்தால், சட்டங்களின் ஒரு பக்கம் சிவப்பும் மறு பக்கம் நீலப்பச்சையுமாகக் கோடு தெரியலாம். இது பக்கவாட்டுக் கசிவு. திறப்பைக் குறைத்தாலும் போகாது, ஆனால் மென்பொருள் ஒரே சொடுக்கில் நீக்கிவிடும் என்பதால் இதற்காக லென்ஸை ஒதுக்க மாட்டேன். சட்டங்களின் நேர்க்கோடுகள் வளைகின்றனவா என்பதையும் அதே படத்தில் பார்த்துக்கொள்ளலாம். அங்கே டிரைபாட் வைக்க அனுமதி தேவையா என்று வாயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சோதனைக்குக் கையில் பிடித்த வேகமான ஷட்டரே போதும். இரண்டாவது வகையைக் காண, வெயிலில் எவர்சில்வர் குடங்கள் மூன்றை முன்னும் பின்னுமாக வைத்து, நடுக்குடத்தில் ஃபோகஸ் செய்து, முழுத் திறப்பில் எடுங்கள். முன்குடத்தின் பளபளப்பில் ஊதாவும் பின்குடத்தின் பளபளப்பில் பச்சையும் படிந்தால் அது ஆழவாட்டுக் கசிவு. இதை மென்பொருளால் முழுமையாகத் துடைக்க முடியாது. திறப்பைக் குறைப்பதே மருந்து. வெள்ளி நகைகளையும் வைரத் தோடுகளையும் எஃப்/1.4இல் எடுப்பவர்கள் விலை கொடுப்பதற்கு முன் இதைப் பார்த்தே ஆக வேண்டும்.

இரவில் மாடியிலிருந்து தெருவிளக்குகளை எடுத்தால், மூலையிலுள்ள விளக்குகள் சிறகு விரித்தாற்போல் நீள்வது தெரியும். கோயில் திருவிழாவையும் நட்சத்திரங்களையும் எடுப்பவருக்கு மட்டுமே அது முக்கியம்.

குறைபோலத் தோன்றினாலும் குறையல்லாத ஒன்று உண்டு. ஏ7ஆர் வரிசைக் கேமராக்களின் சென்சாருக்கு முன் கூர்மையைக் குறைக்கும் வடிகட்டி கிடையாது. அதனால் காஞ்சிப் பட்டின் நெசவு இழைகள் பிக்சல் வரிசையோடு மோதி, புடவையில் இல்லாத வானவில் அலைகள் படத்தில் தோன்றுவதுண்டு. லென்ஸ் மங்கலாக இருந்தால் இந்த அலைகள் வராது. இது அதன் கூர்மைக்கே சான்று. இரண்டடி முன்னோ பின்னோ நகர்ந்தோ, திறப்பை எஃப்/11க்குக் குறைத்தோ தவிர்க்கலாம்.

எஃப்/11 ஏன் அலைகளை அடக்குகிறது என்றால், ஒளியின் விளிம்பு விலகலால்தான், அதாவது சிறிய திறப்பு வழியே போகும் ஒளி சற்றுப் பரவுவதால்தான். எஃப்/5.6இல் ஓர் ஒளிப்புள்ளி சென்சாரில் ஏறத்தாழ 7.5 மைக்ரான் அகல வட்டமாக விழுகிறது; எஃப்/11இல் அது 15 மைக்ரானை நெருங்குகிறது; ஏ7ஆர் 4 சென்சாரின் ஒரு பிக்சலோ 3.76 மைக்ரான்தான். ஆகவே உங்கள் சுவர்ப் படங்களில் எஃப்/4 அல்லது எஃப்/5.6 உச்சமாகவும் எஃப்/11 சற்று மென்மையாகவும் இருந்தால் லென்ஸ் ஒழுங்காக இருக்கிறது என்று பொருள். இதற்காக எஃப்/11ஐத் தவிர்க்க வேண்டியதில்லை. முப்பது பேர் மூன்று வரிசையில் நிற்கும் குடும்பப் படத்துக்கு, முன்வரிசை முதல் பின்வரிசை வரை கூர்மையாகத் தெரியும் ஆழம்தான் தேவை, கொஞ்சம் கூடுதல் கூர்மையூட்டலில் இழப்பு ஈடாகிவிடும்.

கடைசிச் சோதனை காகிதத்தில். நம் திருமண ஆல்பங்களில் வழக்கமான 12க்கு 36 அங்குல இரட்டைப் பக்கத்தை ஒரே படத்தால் நிரப்பினால், 9504 பிக்சல் அகலம் அங்குலத்துக்கு 264 பிக்சலாகவும், 24 மெகாபிக்சல் படத்தின் 6000 பிக்சல் அகலம் 167ஆகவும் பரவும். முழு அளவில் அச்சிட்டுப் பார்க்கப் பணம் செலவழிக்க வேண்டாம். நடுவிலிருந்தும் மிக மோசமான மூலையிலிருந்தும் 3168க்கு 2112 பிக்சல் துண்டுகளை வெட்டி, 12க்கு 8 அங்குலத் தாளில் அச்சிட்டால், அந்த 36 அங்குலப் பக்கத்தின் உண்மையான தோற்றம் கையில் கிடைத்துவிடும். அவற்றைப் பகல் வெளிச்சத்தில், ஆல்பத்தைப் புரட்டும் தூரத்தில் வைத்து, வேலையில் சம்பந்தப்படாத வீட்டார் ஒருவரிடம் காட்டி, எது நடு, எது மூலை என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடியாவிட்டால் அந்த லென்ஸை வைத்துக்கொள்ளலாம். அச்சுகளின் பின்புறம் லென்ஸின் வரிசை எண், திறப்பு, தேதி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி லென்ஸ் பெட்டியிலேயே போட்டு வையுங்கள். பின்னொரு நாள் அந்த லென்ஸ் கைதவறிக் கீழே விழுந்தால், அதே சுவரில் மீண்டும் செய்தித்தாளை ஒட்டி எடுத்து ஒப்பிட அவை தேவைப்படும்.