லுங்கி இடுப்புல நிக்க மாட்டேங்குதா? இப்படி கட்டிப் பாருங்க

ஹாஸ்டல் போன முதல் வாரம் மெஸ்ல தட்டை கையில வச்சிக்கிட்டு நிக்கிறப்ப என் கைலி அவுந்துடுச்சு, தட்டை விடுறதா கைலியை பிடிக்கிறதான்னு யோசிக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. அதுவரைக்கும் முடிச்சு இறுக்கமா போட்டா போதும்னு நினைச்சிட்டு இருந்தேன். முடிச்சுல ஒண்ணுமே இல்லைங்க, மேல்விளிம்பை சுருட்டுறதுல தான் எல்லாம் இருக்கு.

கடையில ரெண்டு வகை கிடைக்கும், ரெண்டு முனையையும் சேத்து தைச்ச மூட்டினது, தைக்காத மூட்டாதது. ரெண்டுமே சுமார் 2 மீட்டர் நீளம், உயரம் 4 அடி கிட்ட வரும். 34 இஞ்ச் இடுப்புன்னா மூட்டாதது ரெண்டு சுத்துக்கு கொஞ்சம் மேல வரும், அதனால புதுசா கட்டுறவங்களுக்கு அது தான் ஈஸி.

மூட்டாததுன்னா துணியை பின்னாடி கொண்டு போய் ரெண்டு முனையையும் முன்னாடி பிடிங்க, கீழ்க்கரை கணுக்கால் கிட்ட சமமா இருக்கணும். வலது கை முனையை இடது இடுப்புக்கு கொண்டு போய் லேசா செருகுங்க. அப்புறம் வயித்தை கொஞ்சம் உள்ள இழுத்துக்கிட்டு இடது முனையை அதுக்கு மேல இறுக்கி வலது பக்கம் கொண்டு வந்து செருகுங்க. இதோட நிறுத்திடுறாங்க, அங்க தான் தப்பு. மேல்விளிம்பை இடுப்பு முழுக்க ஒரு சுத்து, முடிஞ்சா ரெண்டு சுத்து, வெளிப்பக்கமா சுருட்டி விடுங்க. மூச்சை விட்டதும் வயிறே அந்த சுருட்டை அழுத்திப் பிடிச்சிக்கும், குனிஞ்சாலும் நிமிந்தாலும் அசையாது.

மூட்டினது குழாய் மாதிரி இருக்கும், உள்ள கால் விட்டு ஏத்திக்கலாம், இல்ல தலை வழியா போட்டுக்கலாம். மிச்சத் துணியை எல்லாம் ஒரே பக்கம் இழுத்து, முன்னாடி மடிச்சு கொண்டு வந்து எதிர்ப்பக்கம் செருகி சுருட்டணும். மலேசியாவுல ரெண்டு பக்கமும் விரிச்சுப் பிடிச்சு, ஒண்ணு மேல ஒண்ணா நடுவுல மடிச்சு மூணு நாலு தடவை கீழ சுருட்டுவாங்க, எனக்கு அது தான் ரொம்ப பிடிச்சது. அவங்க அந்த கட்டம் போட்ட கைலிய பெலிக்காட்னு சொல்றாங்க, அது நம்ம பழவேற்காடு தான், அங்க இருந்து கப்பல்ல போன துணிக்கு ஊர் பேரே ஒட்டிக்கிச்சு. பர்மால ஆம்பளைங்க நடு வயித்துல ஒரு முடிச்சா முறுக்கி விடுவாங்க, பொம்பளைங்க பக்கவாட்டுல மடிச்சு செருகுவாங்க.

இனி மடிச்சுக் கட்டு. கீழ்க்கரையை இடுப்பு வரைக்கும் தூக்கினா உயரம் பாதியாகி முழங்கால் கிட்ட வந்து நிக்கும், ரெண்டு பக்கத்தையும் முன்னாடி ஒண்ணு மேல ஒண்ணா போட்டு செருகுங்க, வேலை செய்யப் போறீங்கன்னா சின்ன முடிச்சு போட்டுக்கலாம். குதிகாலால பின்கரையை தட்டி விட்டு கையில பிடிக்கிற ஸ்டைல் இருக்கே, அதை கண்ணாடி முன்னாடி பழகிட்டு அப்புறம் தெருவுக்கு வாங்க. பெரியவங்க வந்தா இறக்கி விட்டுடணும், எங்க ஊர்ல இதுக்கு மட்டும் எந்த சமாதானமும் செல்லாது.

புது கைலி கஞ்சி மொடமொடப்புல வழுக்கும், அதனால வாங்கின அன்னிக்கே கட்டாதீங்க, தண்ணில ஊற வச்சு ரெண்டு தடவை அலசுங்க. சாயம் போகும், வெள்ளைத் துணியோட மட்டும் போட்டுடாதீங்க. பாலியஸ்டர் கலந்தது சீப்பா கிடைக்கும், ஆனா சுருட்டு நிக்காது, வெயிலுக்கும் ஆகாது. குடியாத்தம், குறிஞ்சிப்பாடி பக்கம் போனா காட்டன் கைலி நல்லதா பாத்து வாங்கலாம்.

இன்னும் நம்பிக்கை வரலைன்னா மளிகைக் கடை பாய் கட்டியிருப்பாரே பாக்கெட் வச்ச பச்சை பெல்ட், அதை மாட்டிக்கோங்க, போன், காசு எல்லாம் அதுலயே வச்சிக்கலாம். போனை மடியில செருகிட்டு மட்டும் பைக் எடுக்காதீங்க, ரெண்டாவது ஸ்பீட் பிரேக்கர்ல ரோட்டுல கிடக்கும். அப்படியே கைலியோட வண்டி ஓட்டித் தான் ஆகணும்னா மடிச்சுக் கட்டி, நுனியை தொடைக்கு அடியில போட்டு உக்காருங்க, தொங்க விட்டா செயின்ல மாட்டிக்கும்.